வாத்தியார் வேண்டாம்... முகம் போதும்!

தென் கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போனவர்கள் படும் பாடு

மாலை நான்கு மணி. சியோல் நகரில் ஹான் ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் தேச்சி-தோங் பகுதி. கொரியாவின் டியூஷன் தலைநகரம் இதுதான். மஞ்சள் வேன்கள் வரிசையாக வந்து நிற்க, முதுகை மறைக்கும் பைகளோடு பிள்ளைகள் இறங்கி ஓடுகிறார்கள். நான்காவது மாடியில் ஒரு கண்ணாடிக் கதவு. கதவில் பொன்னிற முடிக்காரர் ஒருவர் சிரிக்கும் படம். உள்ளே பன்னிரண்டு பிள்ளைகள். ஒருவன் ரப்பரைக் கிள்ளிக் கிள்ளி முன்னால் இருப்பவன் சட்டைக்குள் போடுகிறான். ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். இன்னொருவன் விம்மி அழுகிறான். கல்-கத்தரி-காகிதம் விளையாட்டில் தோற்றுவிட்டானாம்.

“ஹவ் ஆர் யூ டுடே?” என்கிறார் ஆசிரியர்.

“ஐயாம் பைன், தேங்க் யூ, அண்ட் யூ?” தூங்குகிறவள் தவிரப் பதினொரு குரல், ஒரே ராகம். அழுகிறவனும் அழுகையை நிறுத்தாமலே அதைத்தான் சொல்கிறான்.

ஆசிரியருக்கு வயது இருபத்து நான்கு. கல்லூரியில் படித்தது மண்ணியல். கூரை மூலையில் ஒரு கேமரா. வரவேற்பறையில் இருக்கும் திரையில் ஓர் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆசிரியரின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். பூசான், தேகு, இன்ச்சொன் என்று எந்த ஊருக்குப் போனாலும் இதே வகுப்பறையைப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை என்றால் ஊர் சுற்றலாம், காசும் சேர்க்கலாம் என்றுதான் பலரும் கிளம்புகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களைக் கேட்டால் புலம்பல்தான் வருகிறது. பாடத் திட்டத்தைக் கண்ணில் காட்ட மாட்டார்கள், கடைசி நிமிடத்தில்தான் எதையும் சொல்வார்கள், சம்பளத்தில் ஏதோ பிடித்துவிட்டார்கள், அம்மாக்கள் போன் செய்கிறார்கள்... தனித்தனியாகக் கேட்டால் சில்லறைச் சங்கடங்கள். சேர்த்துக் கேட்டால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புவது தெரியும். இவர்களை அங்கே வரவழைத்தது பாடம் நடத்துவதற்காக அல்ல. ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மையைப் போல, உள்ளே சரக்கு இருக்கிறது என்று காட்டுவதற்காக.

பணம் புரளும் இடம்

ஹாக்வொன் என்று கொரியர்கள் சொல்வது பள்ளி விட்டபின் பிள்ளைகள் போகும் தனியார் பயிற்சி நிலையத்தை. கணக்கு, பியானோ, டேக்வாண்டோ என எல்லாவற்றுக்கும் ஹாக்வொன் உண்டு. ஆங்கிலத்துக்குத்தான் கிராக்கி அதிகம். 2024-ல் கொரியக் குடும்பங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தனிப்பயிற்சிக்குச் செலவழித்தது 29.2 லட்சம் கோடி வொன் என்கிறது அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பு. நம் பணத்தில் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் கோடி ரூபாய். நூற்றுக்கு எண்பது பிள்ளைகள் ஏதாவது ஒரு தனிப்பயிற்சிக்குப் போனார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த ஆண்டும் குறைந்தது, செலவோ ஏறியது. இரவு பத்து மணிக்கு மேல் ஹாக்வொன் நடத்தக் கூடாது என்று சியோலில் விதியே போட வேண்டியிருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2009-ல் அரசமைப்பு நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

அரசுப் பள்ளிகளும் சும்மா இருக்கவில்லை. 1995-ல் ‘எபிக்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளிலிருந்து இளைஞர்களை வரவழைத்தார்கள். ஜப்பான் இதை முன்பே செய்துவிட்டது. அங்கே ‘ஜெட்’ திட்டம் 1987-ல் நான்கு நாடுகளிலிருந்து வந்த 848 பேரோடு தொடங்கியது.

■ பெட்டிச் செய்தி: ஏழு பாஸ்போர்ட்

கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க இ-2 விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்குத்தான் பொதுவாக அது கிடைக்கும்.

ஏதாவது ஒரு பட்டம் போதும். கடல் உயிரியலோ சிற்பக்கலையோ எதுவானாலும் சரி.

குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை ஆகியவை கட்டாயம். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பது பரவலான வழக்கம்.

வகுப்பறைக்குள்ளே

முதலில் சின்னச் சின்ன எரிச்சல்கள். எஃப் ஒலி கொரிய மொழியில் கிடையாது. அவர்கள் வாயிலும் காஃபி காப்பிதான். (இதில் கேலி செய்யும் யோக்கியதை நமக்கு இல்லை.) மெய்யில் முடியும் பல ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் உயிரொலியைக் கூடவே சேர்த்துவிடுவார்கள். பஸ்ஸு, காரு என்று பழகிய நமக்கு இதுவும் புதிதில்லை. ஒரே வகுப்பில் இரண்டு ஆண்டு கலிபோர்னியாவில் இருந்துவிட்டு வந்த சிறுமியும் இருப்பாள், எழுத்துக் கூட்டத் தெரியாத பையனும் இருப்பான். இருவருக்கும் ஒரே புத்தகம். கொரியாவில் பேர் சொல்லி ஆசிரியரை அழைப்பது மரியாதைக் குறைவு. அதனால் நாள் முழுக்க “டீச்சர்! டீச்சர்!” தான். தன் பெயர் மாணவர்களுக்குத் தெரியுமா என்று பல ஆசிரியர்களுக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

அரசுப் பள்ளியில் வாரம் 22 வகுப்பு. ஒவ்வொரு வகுப்பையும் பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை. சிலரை இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பங்குபோட்டு அனுப்புகிறார்கள். ஐந்நூறு, அறுநூறு முகங்கள். இதில் யார் தேறினார், யார் தேறவில்லை என்று எப்படித் தெரியும்? பின்வரிசையில் பாதிப் பேர் மேசையில் கவிழ்ந்து தூங்குகிறார்கள். ராத்திரி பத்து மணிவரை ஹாக்வொனில் இருந்துவிட்டு வந்த பிள்ளையை எழுப்ப மனசும் வராது.

‘ஓப்பன் கிளாஸ்’ என்றொரு சடங்கு உண்டு. பெற்றோரும் அதிகாரிகளும் பின்னால் நின்று வகுப்பைப் பார்ப்பார்கள். அதற்கு முன் ஒரு வாரம் ஒத்திகை. எந்தக் கேள்விக்கு யார் கை தூக்குவது, யார் தவறாகச் சொல்லித் திருத்திக்கொள்வது என்பதுவரை பேசி வைத்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் அருமையாக நடக்கும். மறுநாள் மறுபடியும் பின்வரிசை கவிழ்ந்துவிடும்.

விடுமுறைக் காலம் இன்னொரு கூத்து. பள்ளியில் ஈ, காக்கை இருக்காது. ஆனாலும் ஒப்பந்தப்படி வெளிநாட்டு ஆசிரியர் காலையில் வந்து, மாலைவரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கொரியக் குளிர்காலத்தில், ஹீட்டர் அணைத்த ஆசிரியர் அறையில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து சினிமா பார்த்துக் கழிக்கிறார்கள். இதற்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் ‘டெஸ்க் வார்மிங்’. நாற்காலிக்குச் சம்பளம் என்று நம் ஊர் அலுவலகங்களில் சொல்வார்கள். அங்கே அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

ஹாக்வொனில் இந்தச் சும்மா இருக்கும் சுகமும் கிடையாது. அங்கே மாணவர் வாடிக்கையாளர், அம்மா முதலாளி. மதிப்பீட்டு அறிக்கையில் ‘இன்னும் படிக்க வேண்டும்’ என்று எழுதினால் இயக்குநர் கூப்பிட்டு மாற்றச் சொல்வார். ஃபெயில் போட்டால் பிள்ளை எதிர்மாடி ஹாக்வொனுக்குப் போய்விடும். கண்டிப்பானவர் என்று ஒரு அம்மா சொன்னால் சிரிக்கச் சொல்வார்கள். விளையாட்டாகவே போகிறது என்று இன்னொரு அம்மா சொன்னால் அதே வாரம் வீட்டுப்பாடத்தை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள்.

பதினோராவது மாதம்

இதுவரை சொன்னது சிரித்துக் கடந்துவிடக் கூடியது. இனி வருவது அப்படியல்ல.

இ-2 விசா ஆளுக்குக் கிடைப்பதில்லை, முதலாளியோடு சேர்த்துக் கட்டிக் கிடைக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்குள் வேறு இடம் மாற வேண்டுமானால், இப்போதைய முதலாளி ‘விடுவிப்புக் கடிதம்’ தர வேண்டும். தரமாட்டேன் என்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தங்கியிருக்கும் அறையும் அவர் கொடுத்தது. வேலை போனால் விசா போகும், விசாவோடு வீடும் போகும். இந்த நிலையில் கூடுதல் வகுப்பு எடு என்றால் யார் மறுப்பார்கள்?

கொரியச் சட்டப்படி ஓராண்டு முடித்த ஊழியருக்கு ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும். நல்ல சட்டம். அதனாலேயே பதினோராவது மாதம் பலருக்குக் கண்டமாகிவிடுகிறது. திடீரென்று ‘பெற்றோர் புகார்’ முளைக்கும், வகுப்புகள் குறையும், ஒருநாள் கடிதம் வரும். இன்னொரு வழி, ஆசிரியரை ஊழியர் என்று காட்டாமல் சுயதொழில் செய்பவர் என்று கணக்கில் எழுதிவிடுவது. சம்பளத்தில் 3.3 சதவிகிதம் வரியாகப் பிடிப்பார்கள். அதோடு ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை எல்லாவற்றிலும் முதலாளியின் பங்கு மிச்சம். ஹாக்வொன் ஆசிரியர்களும் தொழிலாளர்களே, பணிக்கொடை உண்டு என்று 2015-ல் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், தீர்ப்பைக் காட்டி வழக்காட நாட்டில் இருந்தாக வேண்டும். நாட்டில் இருக்க விசா வேண்டும். விசா யார் கையில் என்பதுதான் தெரியுமே.

■ பெட்டிச் செய்தி: நின்றுபோன சம்பளம்

2008-ல் கொரியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 3,770 வொன். மாதக் கணக்கில் சுமார் 7.9 லட்சம். அன்றைக்கு ஹாக்வொனில் புதிதாகச் சேரும் ஆசிரியர் ஏறத்தாழ 20 லட்சம் வொன் வாங்கினார், இரண்டரை மடங்கு.

2025-ல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10,030 வொன். மாதத்துக்கு 20,96,270. புதிய ஆசிரியருக்கான விளம்பரங்களோ இன்னும் 20 முதல் 25 லட்சத்துக்குள்ளேயே சுற்றுகின்றன.

வீட்டு வாடகையை நிறுவனமே ஏற்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் கவர்ச்சி.

பக்கத்து மேசைக்காரர்

இந்தக் கதைகளில் யாரும் கண்டுகொள்ளாத ஒருவர் இருக்கிறார். அரசுப் பள்ளியின் கொரிய ஆங்கில ஆசிரியர். அவர் ‘இம்யோங் கோசி’ என்ற கடுமையான போட்டித் தேர்வைப் பல ஆண்டு படித்து எழுதித் தேறி வந்தவர். பிள்ளைகளுக்கு எந்த இடத்தில் நாக்கு சுழலும், எந்த இடத்தில் காலம் குழம்பும் என்று அறிந்தவர். வெளிநாட்டு ஆசிரியர் வந்த அன்று அவருக்கு ஒரு கூடுதல் வேலை ஒப்படைக்கப்படுகிறது. வந்தவருக்கு வங்கிக் கணக்கு திறந்து தர வேண்டும், வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டும், காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும், எந்தக் குப்பையை எந்தப் பையில் போடுவது என்றுகூடச் சொல்லித்தர வேண்டும். இதற்குப் பைசா கிடையாது.

வகுப்பில் நிலைமை தலைகீழ். முன்னால் நிற்பவர் மண்ணியல் பட்டதாரி. ஓரமாக நின்று மொழிபெயர்ப்பவர் இருபது ஆண்டு அனுபவசாலி. ‘கோ-டீச்சர் (இணை ஆசிரியர்) பின்னால் உட்கார்ந்து வேறு வேலை பார்க்கிறார்’ என்று வெளிநாட்டவர் குறை சொல்கிறார். பாடம் நடத்தத் தெரியாதவரை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இவர் நினைக்கிறார். இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இவர் பக்கம்தான் நியாயம் கொஞ்சம் கூடுதல்.

சந்தேகக் கண்

காட்சிக்கு வைத்த முகத்தின் மேல் சந்தேகமும் சீக்கிரம் விழும். 2007-ல் சிறுவர் மீதான பாலியல் குற்றங்களுக்காக இன்டர்போல் தேடிய ஒரு கனடாக்காரன் தாய்லாந்தில் பிடிபட்டான். அவன் கொரியாவிலும் ஆங்கிலம் கற்பித்தவன் என்று தெரிந்ததும் நாடே கொதித்தது. குற்றப் பின்னணிச் சான்றிதழ் கட்டாயமானது. அது சரியான முடிவு. கூடவே இ-2 ஆசிரியர்கள் அனைவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயமானது. அதே வேலையைச் செய்யும் கொரியருக்கும் வெளிநாட்டில் பிறந்த கொரிய வம்சாவளியினருக்கும் அது கிடையாது.

உல்சான் நகரில் வேலை பார்த்த நியூசிலாந்துப் பெண் ஒருவர் இரண்டாம் முறை பரிசோதனைக்கு வர மறுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் விடவில்லை. இன ஒதுக்கலுக்கு எதிரான ஐ.நா. குழுவரை போனார். 2015-ல் குழு அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2017-ல் கொரியா அந்தப் பரிசோதனையைக் கைவிட்டது. ஓர் ஆசிரியை முடியாது என்று சொன்னதற்கும் அரசு விதியை மாற்றியதற்கும் இடையே எட்டு ஆண்டுகள்.

ஒரே நாளில் தெருவில்

கொரியா மட்டும் இப்படி என்று சொல்ல முடியாது. ஜப்பானில் ‘நோவா’ என்ற உரையாடல் பள்ளிக்கு நாடெங்கும் கிளைகள். 2007 அக்டோபரில் அது திவாலானது. சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். வாடகை என்று சம்பளத்தில் பிடித்த பணம் பல வீட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பது காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. சாப்பாடு போட்டால் பாடம் சொல்லித்தருகிறோம் என்று ஆசிரியர் சங்கம் இறங்கிவந்த காலம் அது.

சீனாவில் இன்னும் வேகம். 2021 ஜூலையில் ‘இரட்டைக் குறைப்பு’ ஆணை வந்தது. பள்ளிப் பாடங்களில் லாபத்துக்கு டியூஷன் நடத்தக் கூடாது, வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரை வைத்து ஆன்லைனில் நடத்தவும் கூடாது. அமெரிக்காவில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பெய்ஜிங் பிள்ளைக்குக் கேமரா முன் பொம்மை ஆட்டிச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவர்களின் வருமானம் அதோடு முடிந்தது. ‘நியூ ஓரியன்டல்’ டியூஷன் நிறுவனம் மட்டும் 60,000 பேரை வீட்டுக்கு அனுப்பியதாக அதன் நிறுவனர் யூ மின்ஹோங் அறிவித்தார். மிச்சமிருந்த ஆசிரியர்கள் சிலர் நேரலையில் அரிசியும் மாட்டிறைச்சியும் விற்கத் தொடங்கினார்கள். தோங் யூஹுய் என்ற ஆங்கில ஆசிரியர், விற்கும் பொருளுக்கு ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து 2022-ல் நாடறிந்த நட்சத்திரமானார். வகுப்பில் கிடைக்காத கவனம் கடையில் கிடைத்தது.

ஈரோட்டு எம்.ஏ.வுக்கு இடமில்லை

‘தாய்மொழியாகப் பேசுபவரே சிறந்த ஆசிரியர்’ என்ற நம்பிக்கைக்கு வயது உண்டு. 1961-ல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டின் அறிக்கையில் ஊறிக்கிடந்த கொள்கைகளில் இதுவும் ஒன்று என்று 1992-ல் ராபர்ட் ஃபிலிப்சன் எழுதினார், இது வெறும் மாயை என்றும் வாதிட்டார். அதே ஆண்டு ஹங்கேரியின் பீட்டர் மெட்கியேஷ், ஆங்கிலத்தைக் கற்று வந்தவருக்குத்தான் மாணவன் தடுமாறும் இடம் தெரியும் என்று எழுதினார். படித்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சந்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொரியா-இந்தியா பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஆசிரியர் தகுதியுள்ள இந்தியர்கள் பள்ளிகளில் துணை ஆங்கில ஆசிரியராகலாம் என்று ஒரு கதவு திறந்தது. காகிதத்தில் திறந்த கதவுதான். ஹாக்வொன் விளம்பரங்களில் இன்றும் அந்த ஏழு நாடுகளின் பெயர்தான். ஈரோட்டில் ஆங்கில எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்துப் பதினைந்து ஆண்டு பாடம் நடத்தியவர் அங்கே விண்ணப்பிக்க வழியில்லை. டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்ணுக்கு வழி உண்டு, கையில் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட் இருப்பதால். ஆனால், அவரும் புகைப்படம் அனுப்பிய பிறகுதான் விஷயத்தைப் புரிந்துகொள்வார். பதில் வராது. லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து வளர்ந்து, ஆங்கிலம் தவிர வேறு மொழி சரியாகத் தெரியாத கொரிய-அமெரிக்கர்களுக்கே இந்தக் கதி. முகம் கொரிய முகம், காசு கொடுக்கும் அம்மாவுக்குத் திருப்தி வராது என்கிறார்கள்.

நம்மவர்கள் கற்பிக்கப் போகும் இடங்கள் வேறு. மாலத்தீவின் பள்ளிகளில் தமிழக, கேரள ஆசிரியர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். அங்கே கேட்பது முகத்தை அல்ல, பட்டத்தையும் அனுபவத்தையும். கடலுக்கு நடுவே குட்டித் தீவில் தனிமை, ஊருக்குப் பணம் அனுப்ப டாலர் கிடைக்காத தவிப்பு என்று அவர்களுக்கும் குறைகள் உண்டு. ஆனால், வகுப்பில் தான் எதற்காக நிற்கிறோம் என்ற குழப்பம் அவர்களுக்கு இல்லை.

பிள்ளைகள் கணக்கு

இத்தனை செலவும் சண்டையும் யாருக்காகவோ, அவர்களுக்கு என்ன கிடைத்தது? கொரியப் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ‘சுனுங்’ நுழைவுத் தேர்வு நவம்பரில் வருகிறது. ஆங்கிலத் தாளின் காதுப் பரீட்சைக்காக நாடு முழுக்க விமானங்கள் இறங்கவும் ஏறவும் அரை மணிக்கு மேல் தடை. அவ்வளவு மரியாதை. தாளில் 70 நிமிடம், 45 கேள்வி. அதில் 17 கேட்டு விடையளிப்பது, மீதி படித்து விடையளிப்பது. வாய் திறந்து ஒரு வாக்கியம் பேச வேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை.

அம்மாக்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால் பன்னிரண்டு, பதிமூன்று வயது வந்ததும் பிள்ளையை வெளிநாட்டவரின் பேச்சு வகுப்பிலிருந்து எடுத்து, கொரிய ஆசிரியரின் இலக்கண வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஏழு ஆண்டுப் பேச்சுப் பயிற்சி அங்கேயே நின்றுவிடுகிறது. கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பேச்சும் கிடைத்திருக்காது. வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் அந்தப் பள்ளி ஆசிரியர் மட்டும்தான் அவனுக்கு. 2011-12 வாக்கில் சியோலும் அதைச் சுற்றியுள்ள கியோங்கி மாகாணமும் செலவைக் குறைக்க முதலில் கை வைத்தது அவர் மேல்தான்.

பிள்ளை பிறப்பு ஆண்டுக்கணக்காகக் குறைந்து வந்த நாடு. ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்று 2023-ல் இறங்கியது. இருக்கும் பிள்ளைகளை இன்னும் சீக்கிரமாகப் பிடித்தால்தான் ஹாக்வொனின் நாற்காலி நிரம்பும். ஆங்கில மழலைப் பள்ளி முடித்தவர்கள், பேர்போன ஹாக்வொனில் இடம்பிடிக்க எழுதும் தேர்வுக்கு ‘ஏழு வயசு கோசி’ என்று பெயர். கோசி என்பது அரசு உயர்பதவித் தேர்வுக்கு வழங்கும் சொல். அடுத்து, அந்த மழலைப் பள்ளியில் சேரவே ஒரு தேர்வு வந்தது, ‘நாலு வயசு கோசி’. கொரியக் கணக்கில் நாலு என்றால் நம் கணக்கில் இரண்டு அல்லது மூன்று.